படமும் எழுத்தும் ஒரே பில்லில்: தெர்மல் பிரிண்டர் செய்முறை

புதிதாக வாங்கிய பில் பிரிண்டருக்குக் கடைப்பெயரை ஆங்கிலத்தில் அனுப்பினால் உடனே அச்சாகிவிடும். அதே பெயரைத் தமிழில் அனுப்பினால் சீன எழுத்துகளோ கேள்விக்குறிகளோ வந்து நிற்கும். லோகோவை அனுப்பினால் படம் சரிந்து விழும். இல்லாவிட்டால் பேப்பர் ரோலில் பாதி குப்பை எழுத்தாகக் கொட்டும். பிரிண்டர் பழுது என்று முடிவு செய்து திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் இந்த அத்தியாயத்தில் உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். பெரும்பாலும் பழுது பிரிண்டரில் இருக்காது, அனுப்பிய முறையில்தான் இருக்கும்.

இங்கே நாம் செய்யப்போவது ஒரு மளிகைக் கடை பில். மேலே இடப்பக்கம் லோகோ, அதன் பக்கத்திலேயே தமிழில் கடைப்பெயரும் முகவரியும். அதன் கீழ் பத்துப் பொருள்களின் பட்டியல், மொத்தத் தொகை. அடியில் பணம் செலுத்த யூபிஐ க்யூஆர் கோடு. கணினியில் ஒரு சிறு நிரலை ஓட்டத் தெரிந்திருந்தால் போதும். நிரலே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. அச்சுத் தலையில் ஒரே வரிசையாகச் சின்னஞ்சிறு சூட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. எந்தப் புள்ளி சூடாகிறதோ, அதற்கு நேரே பூச்சுத் தாள் கறுக்கும். கறுப்பு அல்லது வெள்ளை, இரண்டே நிலை. சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை.

கடைகளில் உள்ள பிரிண்டர்களில் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 203 புள்ளி வகை. அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. இதிலிருந்து இரண்டு எண்கள் வருகின்றன:

- 80 மி.மீ. தாள்: அச்சாகும் அகலம் 72 மி.மீ., அதாவது 576 புள்ளி.
- 58 மி.மீ. தாள்: அச்சாகும் அகலம் 48 மி.மீ., அதாவது 384 புள்ளி.

பிரிண்டருக்கு இரண்டு வகையில் வேலை கொடுக்கலாம். எழுத்து முறையில் நீங்கள் எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்புகிறீர்கள். உருவத்தை பிரிண்டர் தன் நினைவகத்திலிருந்து எடுத்து வரைகிறது. பட முறையில் எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று ஒவ்வொன்றையும் நீங்களே சொல்கிறீர்கள். முதலாவது வேகமானது. இரண்டாவது எதை வேண்டுமானாலும் வரையும்.

தமிழ் ஏன் எழுத்து முறையில் வருவதில்லை? கணினியில் ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டாகப் போகிறது. ‘அ’ என்பது 224, 174, 133. பிரிண்டருக்கு அது மூன்று தனித்தனிக் குறிகள். சீனத் தயாரிப்புகள் பலவற்றில் சீன எழுத்து முறை முன்கூட்டியே திறந்திருக்கும்; அவை பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீன எழுத்தாக வாசித்துவிடும். 28, 46 என்ற கட்டளை சீன முறையை மூடும். சீனம் போய்விடும், ஆனால் தமிழ் வராது. தெற்காசியச் சந்தைக்கென வரும் சில மாடல்களில் தமிழ் எழுத்துத் தொகுதி உண்டு. மலிவு விலை பிரிண்டர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. வழக்கமான வரி முறையில் பட வரி தனி, எழுத்து வரி தனி. லோகோவின் பக்கத்தில் எழுத்தை வைக்க முடியாது. பக்க முறை என்ற ஏற்பாடு விலை கூடிய மாடல்களில் இதைச் செய்து தரும். சிறிய பிரிண்டர்களில் பெரும்பாலும் அது இருக்காது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: பில் முழுவதையும் கணினியில் ஒரே படமாக வரைந்து, அந்தப் படத்தை அனுப்புங்கள். எழுத்து முறையை வேகம் கட்டாயமான இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்: பாதுகாப்பு

1. மூடியைத் திறந்தவுடன் அச்சுத் தலையைத் தொடாதீர்கள். நீளமான படம் அச்சான பின் அது நன்றாகச் சூடாக இருக்கும்.
2. தானியங்கி கத்தி உள்ள பிரிண்டரில் தாள் சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகுதான் விரல் உள்ளே போகலாம்.
3. பிரிண்டரோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். மேசை வகை பிரிண்டர்கள் பெரும்பாலும் 24 வோல்ட். சிறு மாட்யூல்கள் 5 முதல் 9 வோல்ட். செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகினால் போர்டு எரியும்.
4. ராஸ்பெரி பை, ஆர்டுயினோ போன்ற பலகைகளின் 5 வோல்ட் முனையிலிருந்து பிரிண்டருக்கு மின்சாரம் எடுக்க வேண்டாம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் சூடாகும்போது அந்த முனை தாங்காது. தனி அடாப்டர் வைத்து, தரை இணைப்பை மட்டும் பொதுவாக்குங்கள்.
5. தலையைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். பிரிண்டரை அணைத்து, தலை ஆறிய பிறகு துடையுங்கள். ஆல்கஹால் முழுதாகக் காயும்வரை இயக்காதீர்கள். பிளேடு, ஊசி, ஸ்குரூடிரைவர் எதுவும் அருகில் வரக் கூடாது.

படி 1: சுயசோதனைத் தாள் எடுங்கள்

பிரிண்டரை அணைத்து, தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் இயக்குங்கள். சுயசோதனைத் தாள் வெளியே வரும். அதில் பார்க்க வேண்டியவை: கட்டளை மொழி, இணைப்பு வகை, சீரியல் என்றால் அதன் வேகம், எழுத்துத் தொகுதிகளின் பட்டியல்.

கட்டளை மொழியாக எஸ்க்-பாஸ் என்று இருக்க வேண்டும். எப்சன் நிறுவனம் உருவாக்கிய இந்த மொழியை இன்று பெரும்பாலான பில் பிரிண்டர்கள் ஏற்கின்றன. லேபிள் பிரிண்டர்களுக்கு மொழி வேறு. அவற்றுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது.

தாள் வெறுமையாக வந்தால் ரோல் தலைகீழாக இருக்கலாம். தாளின் இரு பக்கத்தையும் நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுக்கும் பக்கம்தான் பூச்சுப் பக்கம். அது அச்சுத் தலையைப் பார்த்து இருக்க வேண்டும்.

படி 2: அகலத்தைப் புள்ளியில் உறுதி செய்யுங்கள்

விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். 576 புள்ளி அகலம், 100 புள்ளி உயரத்தில் ஒரு வெள்ளைப் படம் செய்து, நான்கு ஓரத்திலும் இரண்டு புள்ளிப் பருமனில் கோடு போட்டு அச்சிடுங்கள். நான்கு கோடும் வந்தால் அகலம் சரி. வலக்கோடு காணாமல் போனாலோ, படம் கந்தலாக வந்தாலோ அகலத்தைக் குறையுங்கள். பழைய 180 புள்ளி வகை எப்சன் மாடல்களில் 80 மி.மீ. தாளுக்கு 512 புள்ளிதான். அனுப்பும் கட்டளை படி 7-இல் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: அகலம் எப்போதும் 8-ஆல் வகுபட வேண்டும். ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகள் அடங்குகின்றன. 576 என்றால் வரிக்கு 72 பைட், 384 என்றால் 48 பைட். 380 புள்ளி அகலத்தில் லோகோ இருந்தால் வலப்பக்கம் நான்கு வெள்ளைப் புள்ளி சேர்த்து 384 ஆக்குங்கள்.

படி 3: பில்லைக் கட்டங்களாகத் திட்டமிடுங்கள்

திரையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எல்லாம் புள்ளியிலேயே இருக்கட்டும். 80 மி.மீ. தாளுக்கான நம் பில்:

- லோகோ: 192 × 192, இடது மேல் மூலையில்.
- கடைப்பெயர், முகவரி: லோகோவுக்கு வலப்பக்கம் 24 புள்ளி இடைவெளி விட்டு 360 புள்ளி அகலத்தில்.
- இடைவெளியும் கோடும்: 16.
- பட்டியல் தலைப்பு: 40.
- பத்துப் பொருள்: வரிக்கு 40 வீதம் 400.
- மொத்தம்: 64.
- க்யூஆர் கோடு: 246.
- நன்றி வரி: 48.

கூட்டினால் 1006. ஏறத்தாழ 126 மி.மீ. தாள், ஒரு பில்லுக்கு எவ்வளவு தாள் செலவு என்பதும் இப்போதே தெரிந்துவிட்டது.

58 மி.மீ. தாளில் லோகோவின் பக்கத்தில் பெயரை வைக்க முயலாதீர்கள். லோகோவும் இடைவெளியும் போக மீதியிருப்பது 21 மி.மீ. அளவுதான், முகவரி எட்டு வரியாக உடையும். லோகோவை நடுவில் மேலே வைத்து, பெயரை அதன் கீழே வையுங்கள்.

படி 4: லோகோவைத் தயார் செய்யுங்கள்

1. லோகோவைத் திறந்து, முதலில் வெள்ளைப் பின்னணி மேல் ஒட்டுங்கள். பின்னணி இல்லாத ஒளிபுகும் கோப்பை அப்படியே மாற்றினால் காலியிடம் முழுதும் கறுப்பாகிவிடும். பலருக்கு முதல் லோகோ கறுப்புப் பெட்டியாக வருவதன் காரணம் இதுதான்.
2. சாம்பல் நிறப் படமாக மாற்றுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் வண்ண லோகோவை விட்டுவிட்டு, கோடுகளாலான கறுப்பு வெள்ளை லோகோ ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள்.
3. கடைசி அளவுக்குச் சுருக்குங்கள்: 192 × 192.
4. இதற்குப் பிறகுதான் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். வரிசை முக்கியம். கறுப்பு வெள்ளையாக்கிய பின் அளவை மாற்றினால் ஓரம் பிய்ந்துபோகும்.

கறுப்பு வெள்ளையாக்க இரண்டு வழி உண்டு. லோகோ, கோட்டுப்படம், எழுத்து ஆகியவற்றுக்கு வெட்டுநிலை முறை: 0 முதல் 255 வரையுள்ள சாம்பல் மதிப்பில் ஓர் எல்லையை வைத்து, அதற்குக் கீழே உள்ளவை கறுப்பு, மேலே உள்ளவை வெள்ளை. 128-இல் தொடங்கி முன்பின் மாற்றிப் பாருங்கள். புகைப்படத்துக்கு சிதறல் முறை: ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்படும் பிழையை அடுத்தடுத்த புள்ளிகளுக்குப் பகிர்ந்து, தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பல் போலத் தோன்றச் செய்வது. 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட வழிமுறையே இன்றும் படச் செயலிகளில் பரவலாக இருக்கிறது.

குறிப்பு: சூடு பக்கத்துப் புள்ளிக்கும் பரவுவதால் தாளில் படம் திரையைவிடக் கறுப்பாக வரும். புகைப்படத்தைச் சிதறலுக்கு முன் சற்று வெளிச்சமாக்குங்கள்.

தவிர்க்க வேண்டியது: முழுக் கறுப்புப் பட்டை, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இவற்றில் வரி முழுதும் எல்லாப் புள்ளியும் எரியும். மின்சாரம் தாழ்ந்து அச்சு வெளிறும், பேட்டரியில் ஓடும் கையடக்க பிரிண்டர் பாதியில் அணைந்துபோகும். பட்டைக்குப் பதில் கோடு, நிரப்பிய வட்டத்துக்குப் பதில் வெறும் வட்டம் போதும்.

படி 5: தமிழ் எழுத்தை வரையுங்கள்

பைத்தானில் பில்லோ என்ற பட நூலகம் இந்த வேலைக்குப் போதும். 576 × 1006 அளவில் வெள்ளை நிறச் சாம்பல் படம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவால் எழுதுங்கள்.

முதலில் ஒரு சோதனை: ‘கேழ்வரகு, வெல்லம், கொண்டைக்கடலை’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் ராக்ம் என்ற துணை நூலகம் உங்கள் பில்லோவில் வேலை செய்யவில்லை. அதை நிறுவுங்கள். நிறுவ முடியவில்லை என்றால் பில்லை ஒரு வலைப்பக்கமாக 576 புள்ளி அகலத்தில் வடிவமைத்து, பிரவுசரைக் கொண்டே படமாகச் சேமியுங்கள். பிரவுசர்கள் தமிழைப் பிழையில்லாமல் அடுக்கும்.

அடுத்து அளவுகள்:

1. பொருள் வரிக்கு எழுத்துரு அளவு 28 புள்ளி. 24-க்குக் கீழே போனால் ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும்.
2. மெல்லிய வகை வேண்டாம். நடுத்தரப் பருமன் அல்லது தடித்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.
3. வரி உயரம் எழுத்துரு அளவைப்போல் 1.4 மடங்கு, அதாவது 40. மேல் விலங்கும் கீழ் விலங்கும் மோதாமல் இருக்க இது தேவை.
4. மொத்தத் தொகைக்கு 40 புள்ளித் தடித்த எழுத்து.

நெடுவரிசைகளைக் காலியிடம் அடித்து ஒழுங்குபடுத்த முடியாது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு. பொருளின் பெயர் இடது 0-இல் தொடங்கட்டும். அளவு 400-இல் முடியட்டும், தொகை 568-இல் முடியட்டும். எண்களின் அகலத்தை நிரலால் அளந்து, முடிவுப் புள்ளியிலிருந்து கழித்துத் தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள். பொருளின் பெயரையும் அப்படியே அளக்க வேண்டும். 290 புள்ளியைத் தாண்டினால் அடுத்த வரிக்கு மடியுங்கள். எழுத்துகளை எண்ணிப் பயனில்லை. ‘கொ’ என்ற ஓர் எழுத்தே மூன்று உருவங்களின் இடத்தைப் பிடிக்கும். மடிந்த வரிகளுக்கேற்பப் படத்தின் உயரமும் கூடும் என்பதை நிரலில் மறக்காதீர்கள்.

எல்லாம் வரைந்த பின் வெட்டுநிலையை 170 அளவில் வையுங்கள். எழுத்தின் ஓரங்களில் சாம்பல் புள்ளிகள் இருக்கும். 128-இல் வெட்டினால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். புகைப்படம் இருந்தால் அதை மட்டும் தனியாகச் சிதறல் செய்து, பிறகு ஒட்டுங்கள். மொத்த பில்லையும் சிதறல் முறையில் மாற்றினால் எழுத்தின் ஓரம் பொடிந்து காட்சி தரும்.

ரூபாய்க் குறி 2010-இல் வந்தது. பெரும்பாலான பிரிண்டர்களின் எழுத்துத் தொகுதியில் அது இல்லை. படமாக வரைவதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவில் இருந்தால் போதும்.

படி 6: க்யூஆர் கோடு சேருங்கள்

க்யூஆர் கோட்டைப் படச் செயலியில் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஒவ்வொரு கட்டமும் முழு எண்ணிக்கையிலான புள்ளிகளாக இருக்க வேண்டும். ஒரு கணக்கு: 33 × 33 கட்டமுள்ள கோடு. சுற்றிலும் நான்கு கட்ட வெள்ளை விளிம்பு கட்டாயம், ஆக 41. கட்டத்துக்கு 6 புள்ளி வைத்தால் 246 புள்ளி, சுமார் 31 மி.மீ. கேமரா மலிவானதாக இருந்தாலும் இந்த அளவை எளிதில் படிக்கும்.

கோட்டின் நடுவே லோகோ வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தெர்மல் அச்சில் ஏற்கெனவே கொஞ்சம் கறுப்பு பரவும். அதோடு நடுப்பகுதியும் மறைந்தால் படிப்பது சந்தேகம். அச்சிட்ட பிறகு இரண்டு மூன்று வேறு போன்களில் ஸ்கேன் செய்து, பணம் செலுத்தும் திரை சரியான கணக்கின் பெயரைக் காட்டுகிறதா என்று பார்த்த பின்பே கல்லாவில் வையுங்கள்.

படி 7: பிரிண்டருக்கு அனுப்புங்கள்

*நிரல் வேண்டாதவர்களுக்கு:* பிரிண்டரின் விண்டோஸ் டிரைவரை நிறுவி, தாள் அளவை 80 மி.மீ. எனத் தேர்ந்து, நீங்கள் செய்த படத்தை 72 மி.மீ. அகலத்தில், விளிம்பு இல்லாமல் அச்சிடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். அது அளவை மாற்றி க்யூஆர் கோட்டைக் கெடுக்கும். லிப்ரே ஆபீஸ் அல்லது வேர்டில் நேரடியாகத் தமிழில் தட்டச்சு செய்து அச்சிட்டாலும் வரும், டிரைவரே எல்லாவற்றையும் படமாக்கித் தருவதால். எப்போதோ சில ரசீதுகள் மட்டும் அடிப்பவர்களுக்கு இதுவே போதும்.

*நிரல் வழி:* பைத்தான்-எஸ்க்பாஸ் என்ற இலவச நூலகம் யூஎஸ்பி, சீரியல், நெட்வொர்க், விண்டோஸ் டிரைவர் எல்லாவற்றோடும் பேசும். படத்தைக் கொடுத்தால் கட்டளைகளை அதுவே அமைக்கும். உள்ளே என்ன போகிறது என்று தெரிந்தால் பிழை பிடிப்பது சுலபம். கட்டளைகளைத் தசம எண்ணில் தருகிறேன். ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்.

1. 27, 64: பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு பில்லும் இதிலிருந்து தொடங்கட்டும்; முந்தைய பில்லின் தடித்த எழுத்தும் நடு ஒழுங்கும் ஒட்டிக்கொண்டு வராது.
2. 29, 118, 48, 0, பிறகு அகலம் பைட்டில் இரண்டு எண், உயரம் புள்ளியில் இரண்டு எண், பிறகு படத்தின் பைட்டுகள். 576 புள்ளி அகலம், 128 புள்ளி உயரமுள்ள துண்டுக்கு: 29, 118, 48, 0, 72, 0, 128, 0, பிறகு 9,216 பைட்.
3. 27, 100, 4: நான்கு வரி தாளை நகர்த்தும்.
4. 29, 86, 66, 0: கத்தியுள்ள பிரிண்டரில் வெட்டுமிடம் வரை நகர்த்தி வெட்டும். கத்தியில்லாததற்கு இது வேண்டாம்.

உயரம் 255-ஐத் தாண்டினால் 256-ஆல் வகுத்து, மீதியை முதலிலும் ஈவை அடுத்தும் எழுத வேண்டும். 1006 என்றால் ஈவு 3, மீதி 238. ஆகவே 238, 3.

பைட்டுக்குள் இடக்கோடியில் உள்ள புள்ளியே மிக உயர்ந்த பிட். கறுப்புக்கு 1, வெள்ளைக்கு 0. படக் கோப்புகளில் இது நேர்மாறு, அங்கே கறுப்புதான் 0. அனுப்பும் முன் புரட்ட வேண்டும். நூலகம் வழியாகப் போனால் அதுவே புரட்டிக்கொள்ளும். நீங்களும் புரட்டினால் பில் நெகட்டிவ் போல வரும்.

ஏன் துண்டுகளாக அனுப்ப வேண்டும்? பிரிண்டரின் தற்காலிக நினைவகம் சிறியது. நம் பில் 72 × 1006, அதாவது 72,432 பைட். ஒரே கட்டளையில் கொட்டினால் மலிவு மாடல்கள் பாதியில் திணறி, மீதியைக் குப்பை எழுத்தாக அடிக்கும். 128 புள்ளி உயரத் துண்டுகளாக அனுப்புங்கள். புளூடூத்தில் இன்னும் சிறிதாக, 24 அல்லது 48 புள்ளியாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே சற்று நேரம் விடுங்கள். புளூடூத் இணைக்கும்போது கேட்கும் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234.

லினக்ஸில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் பெயரை ‘எல்பி’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள்.

வேகம் வேண்டும்போது: கலப்பு முறை

யூஎஸ்பியில் முழுப் பட பில்லுக்குத் தாமதம் தெரியாது. சீரியல் இணைப்பில் கதை வேறு. 9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 பைட்தான் போகும். நம் பில் முடிய 75 நொடி ஆகும். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் பொறுக்கமாட்டார். 115200-க்கு வேகத்தை உயர்த்தினால் ஏழு நொடிக்குள் முடியும். உயர்த்த முடியாத பிரிண்டரில் கலப்பு முறைக்குப் போங்கள்: தலைப்பு மட்டும் படம், பொருள்களும் தொகையும் ஆங்கில எழுத்து முறையில்.

1. தலைப்புப் படத்தை அனுப்புங்கள்.
2. 27, 97, 0 கொடுத்து இட ஒழுங்குக்கு வாருங்கள். 1 என்றால் நடு, 2 என்றால் வலம். வரியின் தொடக்கத்தில் மட்டுமே இக்கட்டளை வேலை செய்யும்.
3. பொருள் வரிகளை எழுத்தாக அனுப்புங்கள். வழக்கமான எழுத்து 12 × 24 புள்ளி, 80 மி.மீ. தாளில் வரிக்கு 48 எழுத்து, 58-இல் 32. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால் இங்கே காலியிடத்தால் நெடுவரிசை அமைக்கலாம்.
4. மொத்தத்துக்கு 29, 33, 17: இரட்டை அகலம், இரட்டை உயரம். முடிந்ததும் 29, 33, 0. தடிமனுக்கு 27, 69, 1. நிறுத்த 27, 69, 0.
5. மீண்டும் படம் வரும் முன் 10, அதாவது வரி முடிவு, கட்டாயம் அனுப்புங்கள். எழுத்து வரி முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் பிரிண்டர் படக் கட்டளையை ஏற்காது. படத்தின் பைட்டுகளையெல்லாம் எழுத்தாக அடித்துத் தள்ளும். கலப்பு முறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

தலைப்புப் படம் மாறாதது என்றால் பிரிண்டரின் நிலை நினைவகத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டு, 28, 112, 1, 0 என்ற நான்கே பைட்டில் அழைக்கலாம். ஏற்றும் மென்பொருள் பிரிண்டரோடு வரும். அந்த நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் அளவானது. ஒவ்வொரு பில்லுக்கும் ஏற்றாதீர்கள்.

அறிகுறி, காரணம், தீர்வு

- படம் படிக்கட்டுப் போலச் சரிகிறது: அகல எண்ணும் அனுப்பிய பைட்டுகளும் பொருந்தவில்லை. அகலம் 8-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள்.
- சில வரி படம், பிறகு குப்பை எழுத்து: நினைவகம் நிரம்பிவிட்டது. துண்டைச் சிறிதாக்குங்கள்.
- முதலிலிருந்தே குப்பை எழுத்து: முந்தைய வரிக்கு வரி முடிவு இல்லை, அல்லது இந்த மாடலுக்கு அக்கட்டளை தெரியாது. பைத்தான்-எஸ்க்பாஸில் படம் அனுப்பும் மூன்று முறைகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.
- குறிப்பிட்ட இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் குறுக்கே: 24 புள்ளித் துண்டுகளாக அனுப்பும் பழைய முறையில் வரி இடைவெளி மாறாமல் இருக்கிறது. 27, 51, 24 கொடுத்து இடைவெளியைக் குறையுங்கள். முடிந்ததும் 27, 50 கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.
- மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளைக் கோடு: அச்சுத் தலையில் அழுக்கு, அல்லது ஒரு புள்ளி இறந்துவிட்டது. துடைத்தும் போகாவிட்டால் தலையை மாற்ற வேண்டும்.
- கடைசி வரிகள் உள்ளேயே நிற்கின்றன: தலைக்கும் கத்திக்கும் இடையே தூரம் உண்டு. வெட்டும் முன் தாளை நகர்த்துங்கள்.
- கறுப்பு மங்கல்: முதலில் வேறு ரோல் போட்டுப் பாருங்கள், பிறகு அடாப்டர், கடைசியாகச் சூட்டு அமைப்பு. 58 மி.மீ. சிறு மாட்யூல்கள் பலவற்றில் 27, 55 கட்டளையோடு மூன்று எண்கள்: ஒரே நேரத்தில் எரியும் புள்ளிகள், சூட்டு நேரம், இடைவெளி. வழக்கமான தொடக்க மதிப்பு 7, 80, 2. நடு எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக உயர்த்தினால் தலையின் ஆயுள் குறையும், தாளும் ஒட்டிக்கொள்ளும்.

தாளைக் கையாளுதல்

சூடு, வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறை ஆகிய நான்கும் தெர்மல் அச்சுக்குப் பகை. ரோல்களை அடுப்புக்கோ ஜன்னலுக்கோ அருகில் வைக்காதீர்கள். உத்தரவாதத்துக்காக வைத்திருக்க வேண்டிய பில்லை அன்றே நகல் எடுக்கும்படி வாடிக்கையாளருக்கு நன்றி வரியிலேயே ஒரு சொல் சேர்க்கலாம்.

பூச்சில் பிஸ்ஃபீனால்-ஏ என்ற வேதிப்பொருள் இருக்கலாம். ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தெர்மல் தாளில் அதை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. அது இல்லாத ரோல் கிடைத்தால் வாங்குங்கள்; ஆனால் சிலவற்றில் அதற்குப் பதிலாக பிஸ்ஃபீனால்-எஸ் இருக்கும். நாள் முழுதும் பில் போடுபவர், கைக்கு சானிடைசரோ எண்ணெயோ தடவிய ஈரத்தோடு தாளைத் தொடாமல் இருப்பது நல்லது. மீந்த பில்லில் வடை, பஜ்ஜி மடிக்கவே கூடாது.

கல்லாவில் வைப்பதற்கு முன்

1. மிக நீளமான பொருள் பெயரோடு ஒரு பில், ஒரே ஒரு பொருளோடு ஒரு பில், முப்பது பொருளோடு ஒரு பில் அடியுங்கள். மூன்றிலும் நெடுவரிசைகள் நேராக நிற்கின்றனவா?
2. பத்து பில்லை இடைவிடாமல் அடியுங்கள். கடைசி பில் முதல் பில்லைப் போலவே தெளிவாக இருக்கிறதா?
3. அச்சின் நடுவே மூடியைத் திறந்து மூடுங்கள். அடுத்த பில் சுத்தமாகத் தொடங்குகிறதா?
4. கடையின் உண்மையான வெளிச்சத்தில், கண்ணாடி அணியும் ஒருவரிடம் கொடுத்துத் தொகையைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் எழுத்தை 28-லிருந்து 32 ஆக்குங்கள். வரி உயரத்தையும் 45 ஆக உயர்த்துங்கள்.
5. உறுதியான அளவுகளையும் அகலம், துண்டு உயரம், வெட்டுநிலை எண்களையும் ஒரு தாளில் எழுதி பிரிண்டரின் அடியில் ஒட்டுங்கள். பிரிண்டர் மாறும்போது நீங்கள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் படி 2-இலிருந்து தொடங்கிச் சரிசெய்துகொள்வார்.